டியூட்டி ரோஸ்டரில் தொடங்கும் பாரபட்சம்: ராணுவ யூனிட்டில் அதைக் கண்டுபிடித்துத் தடுப்பது எப்படி

மருத்துவ, செவிலியர் பிரிவுகளுக்கு வெளியே பெண்கள் அதிகாரிகளாகச் சேர 1992இல்தான் இந்திய ராணுவம் வழிவிட்டது. சென்னை பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்த முதல் அணி 1993இல் வெளியே வந்தது. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர கமிஷன் (ஓய்வு வயது வரை பணியில் தொடரும் நியமனம்) தரச் சொன்னபோது, அரசுத் தரப்பு வைத்திருந்த வாதங்களில் ஒன்று இது: கிராமங்களிலிருந்து வரும் ஜவான்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை. நீதிமன்றம் அதைப் பழைய பாலினக் கற்பிதம் என்று ஒதுக்கியது.

கமாண்டிங் ஆபீசர்கள் (யூனிட் தலைமை அதிகாரிகள்) கூர்ந்து படிக்க வேண்டியது அடுத்த தீர்ப்பை, 2021 மார்ச் 25இன் நிதிஷா வழக்கை. நிரந்தர கமிஷனே கிடையாது என்றிருந்த காலத்தில் பெண் அதிகாரிகளின் ஆண்டு ரகசிய அறிக்கைகள் (ஏ.சி.ஆர்.) அக்கறையில்லாமல் எழுதப்பட்டன. பிறகு நிரந்தர கமிஷனுக்குத் தேர்வு செய்யும்போது அதே அறிக்கைகளை வைத்து அவர்களை ஆண்களோடு ஒப்பிட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. படிவமே வேலையை முடித்துவிட்டது. நீதிமன்றம் இதை மறைமுகப் பாரபட்சம் என்றது. யூனிட்டில் தேட வேண்டியதும் முதலில் காகிதங்களில்தான்.

கடந்த 12 மாதங்களின் டியூட்டி ரோஸ்டர் (யாருக்கு எப்போது எந்தப் பணி என்ற பட்டியல்), பயிற்சி கோர்ஸ் பரிந்துரைகள், களப்பயிற்சிப் பொறுப்புகள், தனிப் பிரிவுத் தலைமை ஆகிய நான்கையும் ஒரே தாளில் பெயர்வாரியாக எழுதுங்கள். ஒரே ரேங்க், ஏறத்தாழ ஒரே சர்வீஸ் உள்ள ஆண் அதிகாரியின் வரிசையை அருகில் வையுங்கள். பெண் அதிகாரியின் வரிசையில் விழா ஏற்பாடு, விருந்தினர் வரவேற்பு, குடும்ப நலக் கூட்டம் என்று நிறைந்து, இரவு டியூட்டியும் களப்பயிற்சியும் காலியாக இருந்தால் அதுதான் நோய். பெரும்பாலும் இது அக்கறையின் பெயரில் வரும்: "மேடத்துக்கு ராத்திரியில் எதற்குச் சிரமம்?" சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் பதவி உயர்வு வாரியம் பார்க்கும்போது அந்த அனுபவம் பெண் அதிகாரியின் ஏட்டில் இருக்காது. இந்தத் தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். ஆண்டு முடிவில் பார்த்தால் திருத்த நேரம் இருக்காது.

ஏ.சி.ஆர். எழுதும்போது ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அந்த ஆண்டில் நடந்த ஒரு செயலையாவது தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் பெண் அதிகாரியின் பெயர் உள்ள இடத்தில் ஓர் ஆணின் பெயரைப் போட்டு வாசியுங்கள். "இனிமையானவர்", "எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர்" என்பவை விநோதமாக ஒலித்தால் எடுத்துவிட்டு, அவர் எத்தனை பேரை வழிநடத்தினார், எதைக் குறித்த நேரத்தில் முடித்தார் என்று எழுதுங்கள். கோர்ஸுக்கும் அடுத்த பதவிக்குமான பரிந்துரையை மழுப்பலாக விடாதீர்கள்; நிதிஷா வழக்கு சுட்டிய அக்கறையின்மை இதுதான். மகப்பேறு விடுப்பு 180 நாள், குழந்தை பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 360 நாள். பெண் ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கு இணையாக இவற்றைத் தர 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. விடுப்பு எடுத்ததன் சாயல் அறிக்கையில் எங்கும் படக் கூடாது.

"முகாமில் வசதி இல்லை" என்பது பெண்ணை வெளியே நிறுத்தப் பயன்படும் இன்னொரு சாக்கு. மறைப்போடு ஒரு கழிப்பிடம், தண்ணீர், நாப்கினை அப்புறப்படுத்த மூடியுள்ள தொட்டி, விளக்கு: யூனிட்டே ஒரே நாளில் செய்துவிடக்கூடியவை. முகாம் திட்டத்தில் அதற்கொரு ஆளையும் தேதியையும் போடுங்கள். குண்டு துளைக்காத கவசத்தை முன்கூட்டியே அணிவித்துப் படுத்த நிலையில் சோதியுங்கள். அளவு பெரிதானால் கழுத்துப் பகுதி ஹெல்மெட்டை முன்னே தள்ளும், குறி பார்க்க முடியாது. பழி ஆளின் மேல் விழும், குறை கவசத்தில் இருக்கும்.

பாலியல் தொல்லை என்று புகார் வந்தால் வழி வேறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் உள் புகார் குழுவிடம் எழுத்தில் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். 6 பிரதிகள், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி தேவை. குழுவின் தலைவர் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். யூனிட்டில் மூத்த பெண் இல்லையென்றால் வேறு அலுவலகத்திலிருந்து அமர்த்தலாம். விசாரணைக்கு 90 நாள், முடிந்தபின் அறிக்கை தர 10 நாள், அதன்மேல் நடவடிக்கைக்கு 60 நாள். இடையில் புகார்தாரர் எழுதிக் கேட்டால் இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ, புகார்தாரருக்கு 3 மாதம் வரை விடுப்புத் தரவோ குழு பரிந்துரைக்கலாம்.

இங்கே கமாண்டர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. சமரசம் பேசுவது: புகார்தாரர் கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு இடமுண்டு, அதிலும் பணம் அடிப்படையாகக் கூடாது. பெயரைக் கசியவிடுவது: சட்டம் அதைத் தடுக்கிறது, ஆகவே தர்பாரில் (யூனிட் முழுவதும் கூடும் கூட்டத்தில்) பூடகமாகக்கூடப் பேச வேண்டாம். மூன்றாவதுதான் மிக மோசம். புகார்தாரரின் கணவரும் ராணுவத்தில் இருந்தால் கணவரின் கமாண்டருக்கு போன் போட்டு "கொஞ்சம் சொல்லிவைங்க" என்பது. அது புகார்தாரரைத் தனி அதிகாரியாக மதிக்காததோடு, மிரட்டலும் ஆகும்.

இனி, பாதிக்கப்பட்ட அதிகாரிக்கு. ஒவ்வொரு மறுப்பையும் தேதி, சொன்னவர், சொன்ன காரணம் என்று அன்றைக்கே குறியுங்கள். வாய்மொழியாக மறுத்தால் அன்று மாலையே எழுத்தில் விண்ணப்பித்து, ஏற்புக் கையெழுத்துள்ள நகலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கமாண்டிங் ஆபீசரிடம். தீரவில்லை என்றால் ராணுவச் சட்டம் 1950இன் 27ஆம் பிரிவில் மத்திய அரசுக்கு முறையீடு. அதிகாரி அல்லாதோருக்கு 26ஆம் பிரிவு. அதன் பிறகே ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. இறுதி ஆணை வந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். முறையீட்டுக்கு 6 மாதமாகப் பதிலே வராவிட்டால், அந்த 6 மாதம் முடிந்ததிலிருந்து அடுத்த 6 மாதத்துக்குள். போஸ்டிங், விடுப்பு குறித்த ஆணைகளைத் தீர்ப்பாயம் எடுக்காது. அவற்றுக்கு உயர் நீதிமன்ற ரிட் மனுதான்.