கூலண்ட் விளக்கு சிமிட்டும்போது செய்யக்கூடாதவை: பழைய ஃபோக்ஸ்வாகன் டி3 வேனை முன்வைத்து

1979இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் டி3 வேனைப் பிரிட்டனில் டி25 என்பார்கள், அமெரிக்காவில் வேனகான் என்பார்கள். அதன் தண்ணீரால் குளிரும் எஞ்சின் கொண்ட வண்டிகளில் வெப்பமானிக்குள் ஒரு சிறிய சிவப்பு விளக்கு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது சிமிட்டத் தொடங்கினால், சிலர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் சிலிண்டர்களை மூடும் ‘ஹெட்’ பாகத்தில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது என்று அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பழைய வண்டியில் வயரிங் கோளாறு சகஜம் என்று ஓட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த விளக்கு எதைப் பார்த்துச் சிமிட்டுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் அது குருட்டு அதிர்ஷ்டம்தான்.

ஒரே விளக்குக்கு இரண்டு வேலை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் மட்டம் குறைந்தாலும் சிமிட்டும், வெப்பம் எல்லை மீறினாலும் சிமிட்டும். இரண்டையும் கவனித்து விளக்கை இயக்குவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ரிலே போன்ற ஒரு சிறு பெட்டி. சாவியைத் திருப்பியதும் விளக்கு சில விநாடிகள் சிமிட்டி அணைய வேண்டும். அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நேரம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, அந்தச் சில விநாடிகளைத் தாண்டியும் விளக்கு சிமிட்டினால் காரணம் வெப்பமாக இருக்க முடியாது. மட்டம் குறைந்திருக்க வேண்டும், அல்லது மட்டம் காட்டும் சென்சாரிலோ வயரிலோ அந்தப் பெட்டியிலோ கோளாறு இருக்க வேண்டும். பத்து காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் தண்ணீர் பம்பையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மிகப் பரவலான தவறு தவறான தொட்டியைப் பார்ப்பது. இந்த வேனில் இரண்டு தொட்டிகள் உண்டு. பின்புற நம்பர் பிளேட் மடிப்பைத் திறந்தால் தெரிவது கூடுதல் கூலண்டைத் தேக்கிவைக்கும் தொட்டி; அதில் அழுத்தம் இல்லை. சென்சார் இருப்பதோ எஞ்சின் அறைக்குள் இருக்கும் அழுத்தத் தொட்டியில். கைக்கு எளிதில் எட்டும் இடத்தில் முதல் தொட்டி இருப்பதால் எல்லோரும் அதைத்தான் நிரப்புகிறார்கள். அது நிரம்பி வழிந்தாலும் விளக்கு அணைவதில்லை. உடனே சென்சார் கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது.

உண்மையில் அந்த நிலை ஒரு நல்ல துப்பு. எஞ்சின் சூடேறும்போது கூலண்ட் விரிந்து, அழுத்தத் தொட்டியின் மூடி வழியாகத் தேக்கத் தொட்டிக்குப் போகிறது. குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, போனது திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, இரண்டையும் இணைக்கும் குழாயில் விரிசல் இருந்தாலோ, உறிஞ்சப்படுவது காற்றுதான். தேக்கத் தொட்டி நிறைந்தும் அழுத்தத் தொட்டி குறைந்தும் இருந்தால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள். இருப்பதிலேயே மலிவான பாகம் அது. குளிர்ந்த எஞ்சினில் அழுத்தத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சின் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழுத்தத்தின் காரணமாக இந்தக் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், மொத்தமும் பொங்கி முகத்துக்கு வரும். துணியைச் சுற்றித் திறக்கலாம் என்ற யோசனையெல்லாம் வேண்டாம், காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் இதே அவசரத்தின் இன்னொரு முகம். சூடான உலோகம் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

அடுத்த தவறு, வெப்பமானியின் முள்ளை நம்பி விளக்கை ஒதுக்குவது. "முள் நடுவில்தானே நிற்கிறது" என்பார்கள். வெப்பம் அளக்கும் சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் அது சொல்வது உண்மை. கூலண்ட் வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கக்கூடும். விளக்கு சிமிட்டி, முள் விழுந்தால் அது ஆறுதல் அல்ல, உடனே ஓரங்கட்ட வேண்டிய நிலை. இதற்கு நேர்மாறாக, வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே ஏறினால் பயப்பட வேண்டாம். இரண்டுக்கும் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சிறு பாகம் மீட்டர் பலகையில் இருக்கிறது. அதுவே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சென்சாரைச் சோதிக்க ஒரு துண்டு வயர் போதும். அழுத்தத் தொட்டியில் உள்ள சென்சாரின் பிளக்கைக் கழற்றி, பிளக்கின் இரு முனைகளையும் வயரால் இணையுங்கள். சென்சாரில் இருப்பவை இரண்டு உலோகக் கம்பிகள் மட்டுமே. கூலண்ட் அவற்றை நனைத்து மின்சாரத்தைக் கடத்தும்வரை மட்டம் சரி என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. ஆகவே வயரால் இணைத்ததும் விளக்கு அணைந்தால் பெட்டியும் வயரிங்கும் நலம்: மட்டம் உண்மையிலேயே குறைவு, அல்லது கம்பிகளில் உப்புப் படிந்திருக்கிறது. அணையாவிட்டால் பிளக்கின் துரு, வயர், பெட்டி என்று முன்பக்கம் நோக்கித் தேடுங்கள். சோதனை முடிந்ததும் அந்த வயரை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்ட வேன்கள் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. பழைய டி3 வாங்குபவர் முதலில் அந்தப் பிளக்கைப் பார்ப்பது நல்லது.

கூலண்ட் கலக்காமல் வெறும் வடிநீரை (காய்ச்சி வடித்த நீரை) நிரப்பினாலும் சென்சார் குழம்பலாம். தூய நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதற்காகக் குழாய்த் தண்ணீருக்குப் போகக் கூடாது. இந்த வேனின் பெட்ரோல் எஞ்சினில் ஹெட் அலுமினியம். பாஸ்பேட் கலந்த கூலண்டும் உப்புத் தண்ணீரும் அரித்ததால்தான் அதன் ரப்பர் கேஸ்கெட் கசிவுகள் அவ்வளவு பேர் வாங்கின. பாஸ்பேட் இல்லாத கூலண்டையும் வடிநீரையும் பாதிக்குப் பாதி கலப்பதே வழக்கம்.

எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் வண்டியின் அடியில் நீளமான குழாய்கள். ஏறத்தாழ 17 லிட்டர் கூலண்ட் இப்படிச் சுற்றிவருகிறது. இதில் காற்று சிக்கினால் லேசில் வெளியேறாது. ஊற்றி, மூடி, கிளம்பினால் காற்றுக் குமிழ் இடம் மாறி மட்டம் இறங்கி, விளக்கு மறுபடியும் சிமிட்டும். கசிவு என்று நினைத்துக் குழாய் குழாயாகக் கழற்றுவது அதன் பிறகுதான். வேனின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுழற்சி அளவில் ஓடவிட்டு, ரேடியேட்டர் மேலே உள்ள காற்றுத் திருகைத் திறக்க வேண்டும். குமிழ் இல்லாமல் கூலண்ட் ஒழுகும்வரை பின்னால் ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். தனியாளாகச் செய்வது தலைவலி.

இதற்குப் பிறகும் மட்டம் இறங்கினால்தான் கசிவைத் தேட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் ஒழுகும் இடம் பெரும்பாலும் தானே காட்டிக்கொடுக்கும்: அடிக்குழாய்களின் முனைகள், ஹோஸ் கிளிப்புகள், முன் ஹீட்டர், பலரும் மறந்துவிடும் பின் சீட்டுக்கு அடியில் உள்ள ஹீட்டர். தரையில் சிந்தியதைக் கழுவிவிடுங்கள். அதன் இனிப்புக்கு நாய்கள் வரும், அது அவற்றுக்கு நஞ்சு. நம் ஊர் ஓட்டுநர்கள் ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடுவார்கள். அடுத்த ஊர்வரை போய்ச் சேர அது உதவலாம். இத்தனை நீளக் குழாயும் இரண்டு ஹீட்டரும் கொண்ட வண்டியில் அந்தத் தூளோ கடையில் விற்கும் அடைப்பானோ போய் அடைப்பது ஓட்டையை மட்டுமல்ல.

சாவியைத் திருப்பும்போது விளக்கு சிமிட்டவே இல்லையென்றால், தொல்லை இல்லாத வண்டி என்று பலர் மகிழ்கிறார்கள். விளக்கோ பெட்டியோ செத்திருக்கிறது. அல்லது முந்தைய உரிமையாளர் சிமிட்டல் தாங்காமல் அதைக் கழற்றியிருக்கிறார். நெடுஞ்சாலையில் ஒரு ஹோஸ் வெடித்தால் அந்த வேன் ஒன்றும் சொல்லாது. வேறு எந்த வேலைக்கும் முன்னால் அந்த விளக்கைச் சிமிட்ட வையுங்கள்.