பழைய ஃபைபர் படகா? முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

கிரியான் ஆற்றோரம் விலைக்கு வரும் பழைய படகுகளில் பெயிண்ட் மட்டும் எப்போதும் புதிதாகவே இருக்கும். விற்பவர் போன வாரம் அடித்தது. அதைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் பலர் என்னிடம் வருகிறார்கள்.

நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர். வேலை முடிந்த பிறகு நிபோங் திபாலில் யாராவது ஒருவருடைய படகுக்கு அடியில்தான் படுத்திருப்பேன். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் நாலாயிரம் வெள்ளி இருந்தால் இரண்டாயிரத்துக்குப் படகு தேடுங்கள். மீதியைப் படகே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மரச் சம்பான் அழகுதான். ஆனால் உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் கப்பல் புழு உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே பலகையே இருக்காது. அதைப் பார்த்துக்கொள்ள அனுபவம் வேண்டும். முதல் படகுக்கு ஃபைபரே போதும்.

பணம் கொடுக்குமுன் பதிவுக் காகிதத்தில் உள்ள இன்ஜின் நம்பரையும் இன்ஜினில் அடித்திருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஆறு, என்ன உபயோகம் என்று சொல்லி ஜபாத்தான் லாவுட் (கடல்துறை) கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பிடித்து விற்பதாக இருந்தால் ஜபாத்தான் பெரிக்கானான் (மீன்வளத் துறை) லைசன்ஸும் வேண்டும்.

இனி பின்பலகை, அதாவது இன்ஜின் மாட்டும் இடம். ஃபைபர் அழுகாது, அதற்குள் வைத்த பிளைவுட் அழுகும். இன்ஜின் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளேயே தங்கிவிடும். சின்னச் சுத்தியலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டங்' என்று கேட்கும், கெட்ட இடம் 'தொப்' என்று அமுங்கும். அப்புறம் இன்ஜினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தாலோ, மூலைகளில் முடி மாதிரி விரிசல் தெரிந்தாலோ வேலை இருக்கிறது. விற்பவர் சம்மதித்தால் உள்பக்கம் அடியோரமாக 4 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டுப் பாருங்கள். வெளியே வரும் தூள் காய்ந்து வெளிறியிருந்தால் சரி. கறுத்து ஈரமாகச் சுருண்டு வந்தால் விலையைக் குறையுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

மாற்றுவது நம்மால் முடிகிற வேலைதான். மரத்தை மூடியிருக்கும் ஃபைபரில் வெளித்தோலை விட்டுவிட்டு உள்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுங்கள். அழுகிய மரத்தை உளியால் முழுக்கச் சுரண்டுங்கள். "இது கொஞ்சம் நல்லாத்தானே இருக்கு" என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். ஃபேன் வைத்து நன்றாகக் காய விடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது. அட்டையில் அளவு வெட்டி, 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டிச் சேருங்கள். 15 குதிரைத்திறன் வரை உள்ள சங்குட் இன்ஜினுக்கு, அதாவது பின்பலகையில் மாட்டும் இன்ஜினுக்கு, இது தாங்கும். விளிம்புகளுக்கு ரெசினை இரண்டு கோட் கொடுங்கள், தண்ணீர் புகுவதே அங்கேதான். பிறகு வெளித்தோலின் உள்பக்கம் ரெசினில் நனைத்த ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒன்றை விரித்து, அதன்மேல் பலகையை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

அதன்மேல் புது ஃபைபர் போட்டு மூட வேண்டும். அது ஒட்டுகிற பழைய தோலின் ஓரங்களைச் செங்குத்தாக விடாதீர்கள். தோல் 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 60 மில்லிமீட்டர் வரை சரிவாகத் தேயுங்கள். தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய், மெழுகு எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மெழுகையும் சேர்த்து உள்ளே தேய்த்துவிடுவீர்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். தேய்க்கும்போது போட்ட சட்டையைத் தனியாக அலசுங்கள். வீட்டுத் துணியோடு மெஷினில் போட்டால் குடும்பமே சொறிந்துகொண்டு நிற்கும்.

பாலியெஸ்டர் ரெசினுக்கு 1 கிலோவுக்கு 10 கிராம் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்), நம் வெயிலுக்கு அதற்கு மேல் வேண்டாம். காலையில் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கி, அரைக் கிலோவாகக் கலந்துகொள்ளுங்கள். மிஞ்சினது டப்பாவிலேயே சூடாகிப் புகையும், அதனால் வெளியில் தகரத்தின் மேல் மெல்லிசாக ஊற்றிவிடுங்கள். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டைத் தனி பாட்டிலில் கொடுத்தால் அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ரெசினில் ஏற்கெனவே கோபால்ட் சேர்த்திருக்கிறதா என்று கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கேட்டே வாங்குங்கள்.

இன்ஜினை மாட்ட ஓட்டை போடும்போது, தேவைக்குப் பெரிதாகத் துளைத்து, ரெசின் மாவால் அடைத்து, காய்ந்த பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. போல்ட்டைச் சுற்றிப் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். பாத்ரூம் சிலிக்கோன் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயிண்டே ஒட்டாது.

இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது கியர் எண்ணெய். அடி ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது எண்ணெயை அடி ஓட்டையிலிருந்து மேல்நோக்கி, மேல் ஓட்டையில் வழியும்வரை ஏற்றுங்கள். வாட்டர் பம்ப்பில் சுழலும் இம்பெல்லரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், ரப்பர்தானே. தண்ணீரில்லாமல் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லாதீர்கள், சில நொடிகளிலேயே அது கருகும். டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். இன்ஜினின் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் 50க்கு 1 கலவை என்று புத்தகத்தில் போட்டிருந்தால், 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி எண்ணெய். எண்ணெய் டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3, படகு இன்ஜின் எண்ணெய்க்கான குறி) என்று எழுதியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டூ-டி எண்ணெய் மலிவு என்று ஊற்றாதீர்கள், இன்ஜினில் சாம்பல் படியும்.

பெயிண்ட் கடைசி. ஓட்டிவிட்டு டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் படகுக்குப் பாசி பிடிக்காத விலை உயர்ந்த பெயிண்ட் தேவையே இல்லை.

முதல் நாள் ஆற்றுக்குப் போகுமுன் படகுத்துறையில் கயிறு கட்டி, கியரில் போட்டு மெதுவாக முறுக்கிப் பின்பலகை அசைகிறதா பாருங்கள். இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும், லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும். ஸ்பார்க் பிளக் ஒன்று, அதற்கான ஸ்பேனர், ஒரு துடுப்பு, தண்ணீர் இறைக்க வெட்டிய எண்ணெய்த் தோம்பு படகிலேயே கிடக்கட்டும். கரைக்கு வந்ததும் போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கி, இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.