மடிக்கணினியில் டிஜே செய்யும்போது ஒலி அறுபடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி ஒரு கணம் அறுபட்டால், கணினிக்கு வேகம் போதவில்லை என்று முடிவு கட்டிப் புதிய மடிக்கணினி வாங்கக் கிளம்புபவர்கள் பலர். வாங்கிய பின்பும் அதே கோளாறு தொடர்வதுண்டு. டிஜே மென்பொருள் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகப் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் நிரப்பித்தான் சவுண்ட் கார்டுக்கு அனுப்புகிறது. 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற கணக்கில், 256 சாம்பிள் பஃபர் வைத்திருந்தால், ஒவ்வொரு துண்டையும் 5.8 மில்லிநொடிக்குள் ஆயத்தம் செய்தாக வேண்டும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 172 முறை. அவற்றில் ஒரே ஒரு முறை தாமதமானாலும் காதில் ‘டப்’ என்று கேட்டுவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 20 சதவீதம்தான் காட்டுகிறது என்று நிம்மதியடைவது இதனால்தான் தவறு: அது ஏறத்தாழ நொடிக்கொரு முறை மாறும் சராசரிக் கணக்கு, இடையில் நேர்ந்த சில மில்லிநொடித் தடை அதில் தெரியவே தெரியாது.

அறுபடுவது எந்த இடத்தில் என்று பாராமல் அமைப்புகளை மாற்றத் தொடங்குவது அடுத்த தவறு. ஒரே பாட்டின் ஒரே இடத்தில் மட்டும் எப்போதும் அறுபட்டால், அந்தக் கோப்பே பழுதாகியிருக்கக்கூடும். ஹெட்ஃபோனில் சுத்தமாகக் கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் விட்டுவிட்டு வந்தால், மிக்ஸருக்கு அப்பாலுள்ள கேபிளையோ ஆம்ப்ளிஃபையரையோதான் பார்க்க வேண்டும். ஒலி அளவை ஏற்றும்போது மட்டும் கரகரத்தால் அது அறுபடுதலே அல்ல, சிக்னல் அளவுமீறி அதன் முனைகள் வெட்டுப்படும் கிளிப்பிங். கெய்னை (உள்ளீட்டு ஒலி அளவை) குறைத்தால் போதும். ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே நேரத்தில், வெவ்வேறு பாட்டுகளில் அறுபட்டால் மட்டுமே கணினியின் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும்.

பஃபர் அளவைப் பற்றி டிஜேக்களிடையே ஒரு வீண் கௌரவம் உண்டு; 64 வைத்திருக்கிறேன், 128 வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வார்கள். டைம்கோட் வினைலில் (மென்பொருளைக் கட்டுப்படுத்தும் சிக்னல் பதிந்த இசைத்தட்டில்) ஸ்கிராட்ச் செய்பவருக்குக் குறைந்த லேட்டன்சி, அதாவது பஃபர் சிறிதாவதால் கிடைக்கும் குறைந்த தாமதம், உண்மையாகவே தேவை. பாட்டுகளைக் கலந்து வாசிப்பவருக்கு 512 சாம்பிளின் 11.6 மில்லிநொடி எந்த இடைஞ்சலும் தராது. ஸ்பீக்கரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி வந்துசேர அவ்வளவு நேரம் ஆகிறது. ஆனால் பஃபரைக் கூட்டுவதையே மருந்தாக நம்பிவிடவும் கூடாது. சோதனைக்காக 1,024 வரை ஏற்றிப் பாருங்கள். அறுபடுதல் முற்றிலும் நின்றால் காரணம் பெரும்பாலும் கணக்கீட்டுச் சுமை: கீ லாக் (வேகத்தை மாற்றினாலும் சுருதி மாறாமல் வைப்பது), எஃபெக்டுகள், ஸ்டெம்ஸ் பிரிப்பு (பாட்டிலிருந்து குரல், தாளம் போன்றவற்றைத் தனித்தனியாக்குவது), வாசித்துக்கொண்டிருக்கும்போதே புதிய பாட்டுகளை அனலைஸ் செய்வது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு ஏற்றியும் அவ்வப்போது அறுபட்டால், தடை வேறெங்கோ இருக்கிறது.

அந்த ‘வேறெங்கோ’ விண்டோஸில் பெரும்பாலும் ஏதாவதொரு டிரைவராக (வன்பொருளை இயக்கும் மென்பொருளாக) இருக்கும். ஒரு டிரைவர் சிபியுவைப் பிடித்துவைத்துக்கொண்டால், டிஜே மென்பொருள் தன் முறைக்குக் காத்திருக்க நேர்கிறது. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பாட்டு ஓடும்போதே பத்து நிமிடம் இயக்கி, டிரைவர் பட்டியலை அதிக நேரம் எடுத்துக்கொண்டவை மேலே வருமாறு வரிசைப்படுத்திப் பாருங்கள். என்டிஐஎஸ் என்ற பெயர் மேலே நின்றால் அது நெட்வொர்க் சார்ந்தது. வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி அளந்தால் ஐயம் தீர்ந்துவிடும். இந்த அளவீட்டைச் செய்யாமல், இணையத்தில் கண்ட முப்பது ‘ஆப்டிமைசேஷன்’ குறிப்புகளையும் ஒரே மூச்சில் செய்து முடிப்பவர்களுக்கு எது பலன் தந்தது என்பதும் தெரியாது, எது புதிதாகக் கெடுத்தது என்பதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் முறை.

யூஎஸ்பி பக்கம் நேரும் தவறுகள் இன்னும் எளியவை. கண்ட்ரோலர் (டிஜே மென்பொருளைக் கையால் இயக்கும் சாதனம்), ஹார்டு டிஸ்க், மவுஸ் எல்லாவற்றையும் தனி மின்சாரம் இல்லாத ஒரே ஹப்பில் செருகினால், யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய 500 மில்லிஆம்பியரை அவை எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. கண்ட்ரோலரை மடிக்கணினியின் போர்ட்டில் நேராகச் செருகி, ஹப்பை மற்றவற்றுக்கு விட்டுவிடுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் உள்ள யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் (பயன்படாத சாதனத்தை உறங்கவைக்கும் வசதி), டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்று டிக் செய்யப்பட்டிருப்பதையும் நீக்கிவிட வேண்டும்.

சார்ஜரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. செருகியவுடன் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் வருவதைப் பொறுக்காமல் சிலர் சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறார்கள். மடிக்கணினி பேட்டரிக்கு மாறி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள, இரைச்சல் போன இடத்தில் அறுபடுதல் வந்து உட்காருகிறது. அந்த இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது சாதனங்களின் எர்த் இணைப்புகளுக்கிடையே உருவாகும் மின்சுற்று. மிக்ஸருக்குச் செல்லும் ஆடியோ கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அதைத் தீர்க்கலாம். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது, எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

டிரைவர் தேர்வில் நீண்ட விளக்கம் தேவையில்லை. கண்ட்ரோலர் தயாரித்த நிறுவனமே ஏஎஸ்ஐஓ டிரைவர் (குறைந்த தாமதத்தில் ஒலியை அனுப்பும் வகை) தந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவர், அப்படி ஒன்று இல்லாதபோது உதவும் மாற்று மட்டுமே. பிரவுசரும் அறிவிப்பு ஒலிகளும் அதே சவுண்ட் கார்டைத் தொடாதபடி, கணினியின் இயல்பு ஒலி வெளியீட்டை உள் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுவதும் நல்லது.

வீட்டில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நம்புவது எல்லோரும் செய்யும் தவறு. கணினி சூடேறி வேகம் குறைவதற்கு அந்த நேரம் போதாது. நிகழ்ச்சிக்குக் கொண்டுசெல்லும் அதே கேபிள், அதே சார்ஜர், அதே ஹார்டு டிஸ்க்குடன் ஒரு மணி நேரமாவது தொடர்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு செய்தும் மேடையில் அறுபட்டால், பதற்றத்தில் யூஎஸ்பியைக் கழற்றிச் செருகாதீர்கள். கண்ட்ரோலர் மறுபடி இணையும்வரை மொத்த ஒலியும் நின்றுபோகும். வைஃபையை அணைத்து, ஓடாத டெக்குகளின் எஃபெக்டுகளையும் கீ லாக்கையும் எடுத்துவிட்டு, மிக்ஸரின் வேறொரு சேனலில் முன்கூட்டியே இணைத்துவைத்த கைபேசியிலிருந்து நீளமான ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அது முடிவதற்குள் மென்பொருளை மூடித் திறக்க நேரம் கிடைத்துவிடும்.