டிஎஸ்ஐ–எல்விடிஎஸ் பிரிட்ஜ் சிப்புக்கு டிவைஸ் ட்ரீ பைண்டிங் எழுதுவது எப்படி?

லினக்ஸ் கெர்னலில் ஒரு டிஸ்ப்ளே பிரிட்ஜ் சிப்பைச் சேர்க்க டிரைவர் மட்டும் போதாது. போர்டில் என்னென்ன சிப்புகள், எப்படி இணைந்திருக்கின்றன என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக்கோப்பு டிவைஸ் ட்ரீ. அந்தச் சிப்பை போர்டில் எப்படி இணைக்கலாம், எப்படி இணைக்கவே முடியாது என்ற விதிகளை ஒரு யாமல் (உள்தள்ளலால் அமைப்பைக் காட்டும் உரை வடிவம்) கோப்பில் எழுதித் தர வேண்டும். அதுதான் பைண்டிங். பயிற்சிக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்என்65டிஎஸ்ஐ83-ஐ எடுத்துக்கொள்வோம். ப்ராசஸரிலிருந்து வரும் மிப்பி டிஎஸ்ஐ (ஒரு திரை இணைப்பு முறை) சிக்னலை எல்விடிஎஸ் (இன்னொரு திரை இணைப்பு முறை) பேனலுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிப் இது. இதற்கான பைண்டிங் கெர்னலில் ஏற்கெனவே இருப்பதால், நீங்களே எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சொற்களைத் தமிழ் ஒலியில் தருகிறோம். கோப்பில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

படி 1: டேட்டாஷீட்டைத் திறங்கள், டிரைவரை மூடிவையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். டிரைவர் எதைப் படிக்கிறதோ அதையே விதியாக எழுதிவிடுகிறார்கள். பைண்டிங் விவரிக்க வேண்டியது ஹார்டுவேரை. டிரைவர் நாளை மாறும், பின்கள் மாறாது.

டேட்டாஷீட்டிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டியவை: ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் சிப்பின் முகவரி (ஏடிடிஆர் பின் லோ என்றால் 0எக்ஸ்2சி, ஹை என்றால் 0எக்ஸ்2டி), சிப்பை எழுப்பும் இஎன் பின், 1.8 வோல்ட் சப்ளை, அதிகபட்சம் 4 டிஎஸ்ஐ டேட்டா லேன் (தரவு செல்லும் கம்பி இணை). கூடவே இதே குடும்பத்துச் சிப்புகளையும் பாருங்கள். 83-இல் ஒரு டிஎஸ்ஐ உள்ளீடு, ஒரு எல்விடிஎஸ் வெளியீடு. 84-இல் வெளியீடு இரண்டு. 85-இல் உள்ளீடும் இரண்டு, வெளியீடும் இரண்டு.

படி 2: கருவிகள்

பைத்தானின் பிப் மூலம் டிடிஸ்கீமா (பைண்டிங்கைச் சோதிப்பது), யாமல்லின்ட் (யாமல் எழுத்தமைப்பைச் சோதிப்பது) இரண்டையும் நிறுவுங்கள். கெர்னல் மூலநிரலும் கையில் இருக்க வேண்டும்.

படி 3: கோப்பின் தலைப்பகுதி

கோப்பின் பெயர், சிப்பை அடையாளம் காட்டும் காம்பாட்டிபிள் சரத்தோடு ஒத்துப்போக வேண்டும். முதல் வரியில் உரிமம்: ஜிபிஎல்-2.0-ஒன்லி, பிஎஸ்டி-2-கிளாஸ் இரண்டையும் இடையே "ஆர்" (அல்லது) போட்டுச் சேர்த்தே எழுதுங்கள். ஐடி வரியில் உள்ள பாதை, கோப்பு உண்மையில் இருக்கும் இடத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் சோதனை பிழை காட்டும். உள்தள்ளலுக்கு 2 இடைவெளி. டேப் போட்டால் யாமல் ஏற்காது.

படி 4: பண்புகள்

முகவரியைத் தரும் ரெக் பண்புக்கு "ஏதோ ஒரு எண்" என்று விடாதீர்கள். ஈனம் (enum, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள்) பட்டியலில் அந்த இரண்டு முகவரிகளை மட்டும் எழுதுங்கள். இஎன் பின்னை இயக்கும் ஜிபிஐஓவைக் (ப்ராசஸரின் பொதுப் பயன்பாட்டுப் பின்) குறிக்கும் ஏனேபிள்-ஜிபிஐஓஸ் பண்புக்கு மேக்ஸ்ஐட்டம்ஸ் (அதிகபட்ச எண்ணிக்கை) 1. ஆனால் இதைக் கட்டாயப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சில போர்டுகளில் இஎன் பின் ஜிபிஐஓவுக்குப் போகாமல் நேரே வோல்டேஜ் ரெயிலில் கட்டப்பட்டிருக்கும். காம்பாட்டிபிள், ரெக், போர்ட்ஸ் (சிப்பின் உள்ளீடு, வெளியீடுகள்) மூன்றும் கட்டாயம்.

கட்டாயப் பட்டியலை முதல் தடவையே யோசித்து முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு பண்பைக் கட்டாயமாக்கினால், அது இல்லாமல் ஏற்கெனவே வெளியான டிவைஸ் ட்ரீகள் எல்லாம் ஒரே நாளில் விதிமீறல் ஆகிவிடும்.

படி 5: போர்ட்டுகள்

போர்ட் எண்களை குடும்பம் முழுவதற்கும் பொதுவாக வையுங்கள்: 0 டிஎஸ்ஐ ஏ, 1 டிஎஸ்ஐ பி, 2 எல்விடிஎஸ் ஏ, 3 எல்விடிஎஸ் பி. பிறகு இஃப்–தென் விதியில் 83-க்கு 1, 3 இரண்டையும், 84-க்கு 1-ஐயும் ஃபால்ஸ் (அனுமதி இல்லை) ஆக்குங்கள். சிப்பில் இல்லாத போர்ட்டை யாராவது எழுதினால் சோதனையிலேயே சிக்கிவிடும். இந்த ஒரு விதிக்காகவே பைண்டிங் எழுதலாம்.

போர்ட்டுகளுக்கான பொது விதிக்கோப்பான கிராஃப் ஸ்கீமாவில் போர்ட், போர்ட்-பேஸ் என இரண்டு உண்டு. எண்ட்பாயின்ட்டில் (போர்ட்டின் இணைப்பு முனை) டேட்டா-லேன்ஸ் (பயன்படும் லேன்களின் பட்டியல்) வருமென்றால் போர்ட்-பேஸையே எடுக்க வேண்டும். எண்ட்பாயின்ட்டை வீடியோ-இன்டர்ஃபேசஸ் ஸ்கீமாவோடு இணைத்து, அங்கே அன்இவேல்யுவேட்டட்-ப்ராப்பர்ட்டீஸ் ஃபால்ஸ் (விதியில் இல்லாத பண்பு வரக் கூடாது) என்று முடியுங்கள். வெறும் போர்ட்டை எடுத்தால், டேட்டா-லேன்ஸ் எதிர்பாராத பண்பு என்று பிழை வரும். எழுத்துப்பிழையோ என்று தேடி நேரம் போகும்.

படி 6: எடுத்துக்காட்டு

பைண்டிங் கோப்பிலேயே வரும் மாதிரி டிவைஸ் ட்ரீ இது. அதன் ஐ2சி நோடுக்குள் (ஐ2சி பகுதி) அட்ரஸ்-செல்ஸ் 1, சைஸ்-செல்ஸ் 0 என்று எழுதுங்கள். விட்டுவிட்டால் ரெக் அளவு பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். ஜிபிஐஓ ஹெடரைச் சேர்க்க மறந்தால், ஆக்டிவ்-ஹை மாக்ரோ விரியாமல் சின்டாக்ஸ் பிழையில் நிற்கும். நோடின் பெயரில் @-க்குப் பின் வரும் எண்ணும் ரெக் மதிப்பும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 7: சோதனை

மேக் டிடி_பைண்டிங்_செக் கட்டளையை, டிடி_ஸ்கீமா_ஃபைல்ஸ் மாறியில் உங்கள் கோப்பை மட்டும் குறித்து ஓட்டுங்கள். பிழையில்லாமல் முடிந்ததும் எடுத்துக்காட்டை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: ரெக்கை 0எக்ஸ்2இ ஆக்குங்கள், 83-க்கு போர்ட் 3 கொடுங்கள். இரண்டுக்கும் பிழை வர வேண்டும். வராவிட்டால் இஃப் பகுதியில் காம்பாட்டிபிள் சரம் தவறாக இருக்கலாம், அல்லது உள்தள்ளல் நகர்ந்து விதி வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்து மேக் டிடிபிஎஸ்_செக் ஓட்டி, இந்தச் சிப் உள்ள போர்டுகளின் டிவைஸ் ட்ரீகளையும் சரிபாருங்கள். அனுப்பும்போது பைண்டிங் தனி பேட்ச் (கெர்னலுக்கு அனுப்பும் மாற்றம்). தொடரில் டிரைவர் பேட்சுக்கு முன்னால் அது வர வேண்டும்.