நாய் கண்ணுல பூஞ்சை புண்ணு: பார்வை போகாம காப்பாத்த வீட்டுல என்ன செய்யணும், முதல் நாள்ல இருந்து

எங்க நாய் செவலைக்கு போன அறுவடை முடிஞ்ச கையோட இடது கண்ணுல பூஞ்சை புண்ணு வந்து, கண்ணே போயிடும்னு டாக்டர் சொல்ற அளவுக்கு ஆகி, 6 வாரம் ராவும் பகலுமா சொட்டு மருந்து ஊத்தி மீட்டோம். நாய்க்கு இதுவரைக்கும் ஒரு சொட்டு மருந்து கூட ஊத்திப் பழக்கமில்லாதவங்களுக்கு புரியுற மாதிரி நான் கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். டாக்டர்கிட்ட போறதுக்கு பதிலா இதை வச்சுக்காதீங்க, டாக்டர் சொன்னதை வீட்டுல எப்படி செஞ்சு முடிக்கிறதுங்கறதுக்கு தான் இது.

நாயோட கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்குல்ல, கார்னியா, அது அரை மில்லிமீட்டரை விட கொஞ்சம் தான் தடிமன். நெல் சுணையோ வைக்கோல் குச்சியோ முள்ளோ அதுல ஒரு கீறல் போட்டா, மண்ணுலயும் காஞ்ச செடியிலயும் இருக்குற ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரி பூஞ்சை அது வழியா உள்ள போய் வேர் விட்ட மாதிரி பரவும். செவலை தினமும் படுக்குறது வைக்கோல் போர்ல தான். பக் , ஷிட்சு மாதிரி முழி வெளிய தள்ளிட்டு இருக்குற நாய்ங்களுக்கு கண்ணுல அடிபடுற வாய்ப்பு இன்னும் ஜாஸ்தி.

படி 1: கண்ணைப் பாருங்க, அன்னைக்கே கிளம்புங்க

ஒரு கண்ணை மட்டும் சுருக்கிட்டே இருக்கும், தண்ணியா வடியும், வெளிச்சத்துக்கு வராம கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கும், காலால கண்ணைத் தேய்க்கும். இதுல ஒண்ணு இருந்தாலே நாளைக்குன்னு தள்ளாதீங்க. வெளிச்சத்துல பாத்தா கண்ணு மேல நீலம் கலந்த வெள்ளையா ஒரு மங்கல் தெரியும். செவலைக்கு அரிசி அளவு வெள்ளைப் புள்ளி இருந்துச்சு, பாக்க வறண்ட மாதிரி, ஓரம் மட்டும் இறகோட நுனி மாதிரி பிசிறு பிசிறா, பக்கத்துலயே தனியா இன்னொரு குட்டிப் புள்ளி. அந்த பிசிறும் பக்கத்துப் புள்ளியும் பூஞ்சையா இருக்கலாம்னு சந்தேகப்பட வைக்கிற அடையாளம்னு எனக்கு அப்ப தெரியல.

படி 2: வீட்டுல இருக்குறது எதையும் ஊத்தாதீங்க

இதை தான் நான் ரொம்ப அழுத்தி சொல்லணும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ சாறு, எதுவும் வேணாம், திறந்த புண்ணு அது. அதை விட ஆபத்து, மனுஷங்களுக்கு வாங்கி மீந்து போன சொட்டு மருந்து. நாங்க முதல்ல போன இடத்துல கண்ணை டார்ச் அடிச்சு பாத்துட்டு ஒரு பாட்டில் குடுத்தாங்க, ரெண்டு நாள்ல சிவப்பு குறைஞ்சு செவலை கண்ணைத் திறந்தான், எங்களுக்கு சந்தோஷம், 4வது நாள் பாத்தா அரிசி அளவு இருந்தது மொச்சைக் கொட்டை அளவு ஆகி கண்ணுக்குள்ள கீழ வெள்ளையா சீழ் மாதிரி கோடு கட்டியிருந்துச்சு. அந்த பாட்டில்ல ஆன்டிபயாட்டிக்கோட ஸ்டீராய்டும் கலந்திருந்துச்சு. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கிடும், ஆனா பூஞ்சையை எதிர்த்து நிக்கிற உடம்போட சக்தியையும் சேர்த்து அடக்கிடும், அதனால மேல நல்லா ஆன மாதிரி தெரியும், உள்ள அது பாட்டுக்கு பரவும்.

அதனால யார் குடுத்தாலும் பாட்டில் மேல இருக்குற பொடி எழுத்தைப் படிங்க. டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரட்னால், இதெல்லாம் ஸ்டீராய்டு தான், இதுல ஏதாவது இருந்தா, புண்ணு இருக்குற கண்ணுல ஊத்துறதுக்கு முன்னாடி திரும்பக் கேளுங்க. சில பாட்டில்ல மருந்து பேருக்குப் பின்னாடி ‘டி’ன்னு ஒரு எழுத்து ஒட்டியிருக்கும், பல நேரம் அது டெக்சாமெத்தசோன் தான். கேக்குறதுல கூச்சமே வேணாம்.

படி 3: டெஸ்ட் கேட்டு வாங்குங்க

நாய்க்கு கண்ணுல புண்ணு வந்தா பெரும்பாலும் பாக்டீரியா தான், பூஞ்சை குறைவு, அதனாலயே முதல் நாள் யாருக்கும் தோணாது. ஆரஞ்சு கலர் ஸ்ட்ரிப்பை நனைச்சு கண்ணுல தொட்டு நீல வெளிச்சத்துல பாப்பாங்க, புண்ணு இருக்குற இடம் பச்சையா மின்னும். அது புண்ணு இருக்குன்னு மட்டும் தான் சொல்லும், எதனாலன்னு சொல்லாது. எதனாலன்னு தெரிய, மரத்துப் போற மருந்து ஊத்திட்டு புண்ணோட ஓரத்தை லேசா சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கணும். நார் நாரா கிளை விட்டு தெரிஞ்சா பூஞ்சை. “சுரண்டி பாத்துடலாமா சார்?”னு நீங்களே கேளுங்க, முக்கியமா ஆன்டிபயாட்டிக் ஊத்தியும் மூணு நாலு நாள்ல குறையலன்னா. பக்கத்துல வசதி இல்லன்னா சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிங்க இருக்கு, வண்டி பிடிச்சாவது போங்க.

ஒரு விஷயம், அந்த மரத்துப் போற சொட்டு மருந்தை வலிக்குதேன்னு வீட்டுக்கு கேட்டு வாங்காதீங்க. தொடர்ந்து ஊத்துனா புண்ணு ஆறவே ஆறாது.

படி 4: மருந்தை தெரிஞ்சுக்கோங்க

இந்த மாதிரி நார்ப் பூஞ்சைக்கு முதல்ல எழுதுறது பெரும்பாலும் நாட்டாமைசின் 5% சொட்டு மருந்து. நம்ம ஊர் பக்கம் வயல் வேலை செய்யுற மனுஷங்களுக்கே இதே புண்ணு நிறைய வரும், அதனால மருந்து கிடைக்கிறது கஷ்டமில்ல. 2010, 2011ல மதுரை, பாண்டிச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைங்கள்ல 323 பேருக்கு இதையும் வோரிகோனசோல்ங்கற இன்னொரு பூஞ்சை மருந்தையும் ஊத்தி ஒப்பிட்டு பாத்தாங்க, 2013ல வந்த முடிவுல நாட்டாமைசின் ஊத்துனவங்களுக்கு தான் பார்வை மேலா இருந்துச்சு, ஃபியூசேரியம் புண்ணுல அந்த வித்தியாசம் இன்னும் பெருசு. அது மனுஷங்களுக்கு நடந்த ஆய்வு, உங்க நாய்க்கு எதுன்னு டாக்டர் தான் முடிவு பண்ணணும்.

இது பால் மாதிரி வெள்ளையா இருக்கும், அடியில தங்கிடும், ஒவ்வொரு தடவையும் நல்லா குலுக்கணும். கூடவே வலிக்கு அட்ரோபின் எழுதுவாங்க. அது மூக்கு வழியா வாய்க்கு இறங்கும், கசப்பு தாங்காம நுரை நுரையா எச்சி விடும், முதல் தடவை எங்கம்மா பயந்தே போயிட்டாங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அட்ரோபின் ஊத்துன கண்ணு கூசும், வெயில்ல கட்டாதீங்க. புண்ணு இருக்குற இடத்துல கார்னியாவே கரைஞ்சு குழைய ஆரம்பிச்சா, அந்த நாயோட ரத்தத்துலயே சீரம்ங்கற தெளிஞ்ச நீரைப் பிரிச்சு சொட்டு மருந்தா குடுப்பாங்க, அதுல கெட்டுப் போகாம காக்குற மருந்து எதுவும் இல்ல, ஃப்ரிட்ஜ்ல தான் வைக்கணும், சொன்ன நாளுக்கு மேல ஊத்தக் கூடாது.

படி 5: கூம்பு காலர், மருந்துக்கு முன்னாடி இது

நீங்க ராத்திரி முழுக்க ஊத்துன மருந்தை ஒரே ஒரு தேய்ப்பு வீணாக்கிடும். காலர், அதாவது கண்ணைத் தேய்க்க விடாம கழுத்தைச் சுத்தி மாட்டுற கூம்பு, மூக்கு நுனியைத் தாண்டி இருக்கணும், கழுத்துல ரெண்டு விரல் நுழையணும். பாவமா பாக்கும், சாப்பிடும்போது கழட்டி பக்கத்துலயே உக்காருங்க, முடிஞ்சதும் மாட்டிடுங்க.

படி 6: சொட்டு ஊத்துற விதம்

முதல் சில நாள் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதுவாங்க, ராத்திரியும் சேர்த்து. எங்களுக்கு ரெண்டு மணி நேரம். 10, 12, 2 அம்மா, 4, 6 நான்னு சுவத்துல சாக்பீஸ்ல எழுதி ஊத்த ஊத்த அழிச்சோம், இல்லன்னா தூக்கக் கலக்கத்துல ஊத்துனோமா இல்லையான்னே தெரியாது.

கையைக் கழுவுங்க. நாயை மூலையில உக்கார வச்சு, நீங்க அதுக்குப் பின்னாடி மண்டி போட்டு உங்க முட்டிக்கு நடுவுல வச்சுக்கோங்க, முன்னாடி இருந்து பாட்டிலோட வந்தா எந்த நாயும் பின்வாங்கும். கண்ணுல கட்டுற பீளையை உப்புத் தண்ணி சலைன்ல நனைச்ச சுத்தமான காஸ் துணியால வெளிய இருந்து மட்டும் துடைங்க, புண்ணைத் தொட வேணாம். இடது கையால தாடையைத் தூக்கி கட்டை விரலால கீழ் இமையை லேசா இறக்குங்க. பாட்டில் பிடிச்ச வலது கையோட அடிப்பக்கம் நாயோட நெத்தியில படுத்திருக்கணும், அப்ப தலை ஆடுனா கையும் சேர்ந்து ஆடும், கண்ணுல குத்தாது. மேல இருந்து ஒரே ஒரு சொட்டு, பாட்டில் மூக்கு எங்கயும் படக் கூடாது. ரெண்டு சொட்டு ஊத்துனா ஒண்ணு வெளிய தான் வழியும்.

அடுத்த மருந்துக்கு 5ல இருந்து 10 நிமிஷம் விடுங்க, இல்லன்னா முதல் மருந்தை ரெண்டாவது கழுவிடும். ஆயின்மென்ட் இருந்தா அது கடைசி. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன துண்டு வேக வச்ச கோழி குடுங்க. மூணாவது நாள் சாக்பீஸ் சத்தம் கேட்டாலே செவலை தானா மூலைக்குப் போய் உக்காந்துட்டான்.

பூஞ்சைக்கு மாத்திரையும் குடுத்தாங்கன்னா, இட்ராகோனசோல் கேப்சூலை சாப்பாட்டோட குடுக்கணும். வாந்தி, சாப்பாடு இறங்கலன்னா உடனே சொல்லுங்க, ஈரலைப் பாக்க ரத்த டெஸ்ட் எடுப்பாங்க.

படி 7: எப்ப ஓடணும்

புண்ணு நடுவுல கறுப்பா ஒரு பொட்டு தெரிஞ்சா, ஓரம் ஜெல்லி மாதிரி குழைஞ்சா, திடீர்னு கண்ணுல இருந்து தண்ணி கொட்டி உள்ள இருந்து பழுப்பா ஏதோ பிதுங்குனா, துடைக்காம, அமுக்காம, களிம்பு எதுவும் போடாம, கூம்பு காலரைக் கழட்டாம நாயைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க, கழுத்துல பெல்ட் போட்டு இழுக்கக் கூடாது, கண்ணுல அழுத்தம் ஏறும். அந்த நேரத்துல பக்கத்து வெள்ளைச் சதையை எடுத்து புண்ணு மேல வச்சு தச்சு கண்ணைக் காப்பாத்துற ஆபரேஷன் இருக்கு.

படி 8: பாதியில நிறுத்தாதீங்க

ரெண்டாவது வாரம் கண்ணோட வெள்ளைப் பகுதியில இருந்து சிவப்பு சிவப்பா ரத்த நாளம் புண்ணைப் பாத்து ஓடி வரும், பாக்க பயமா இருக்கும், ஆனா பெரும்பாலும் அது ஆறுறதுக்கான அடையாளம். கண்ணு தெளிஞ்ச மாதிரி இருக்குன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, பச்சைக் கலர் டெஸ்ட் சுத்தமா வந்தப்புறம் கூட டாக்டர் சொல்ற வரைக்கும் ஊத்துங்க. வெள்ளையா தழும்பு நிக்கலாம், செவலைக்கு நிக்குது.

பார்வை இருக்கான்னு எங்க டாக்டர் பாத்த முறையை நீங்களும் வீட்டுல செய்யலாம். நல்ல கண்ணை உள்ளங்கையால மூடிக்கிட்டு, புண்ணு வந்த கண்ணு பக்கமா ஒரு பஞ்சு உருண்டையை மேல இருந்து போடணும், பஞ்சுக்கு சத்தம் இல்ல, காத்தும் வராது, கண்ணால பாத்தா தான் தெரியும். 4வது வாரம் போட்டப்ப செவலை அசையவே இல்ல. 6வது வாரம் பஞ்சு தரையைத் தொடுற வரைக்கும் தலை கூடவே இறங்குச்சு.