மூடியை அழுத்திக் காட்ட ஆள் இல்லாத டப்பாக்கள்

போகிக்கு வீடு ஒழிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய பிளாஸ்டிக் டப்பாக்கள் கட்டாயம் இருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியில் பாதி, சித்தி மாம்பலத்தில் குடியிருந்தபோது டப்பர்வேர் பார்ட்டிகளில், அதாவது ஒரு வீட்டில் பெண்களைக் கூட்டி டப்பாக்களைக் காட்டி விற்கும் இடங்களில், வாங்கியவை. மீதி எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. கடன் வாங்கிப் பலகாரம் கொண்டுபோய்த் திருப்பித் தராத டப்பாக்களாக இருக்கலாம். எங்கள் டப்பாக்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றனவோ!

மங்கிய ஆரஞ்சையும் பாசிப்பச்சையையும் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறது. உடனே கழுவித் துடைத்து, சூடான சாம்பாரை ஊற்றி, மைக்ரோவேவில் வைத்து, அல்லது 'அரிய பழம்பொருள்' என்று இணையத்தில் விலைபேசி, ஒன்றன்பின் ஒன்றாகத் தவறு செய்கிறோம். எனக்கு இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் தெரிகிறது. டப்பா நம் கைக்கு வந்துவிட்டது. அதை எப்படி மூடுவது, எதைப் போடக்கூடாது என்று எதிரில் உட்கார்ந்து காட்டியவர் கூடவே வரவில்லை.

அந்தப் 'காட்டியவரை' மறப்பதுதான் நினைவில் நடக்கும் பெரிய தவறு. டப்பர்வேரைக் கண்டுபிடித்தவர் ஏர்ல் டப்பர் என்பது பலருக்குத் தெரியும். அதனால் வீட்டு விற்பனைப் பார்ட்டியும் அவருடைய மூளையில் உதித்தது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907இல் பிறந்த டப்பர், முதலில் தோட்டமும் மரமும் பராமரிக்கும் தொழில் செய்து 1936இல் திவாலானவர். அப்புறம் டூபான்ட் கம்பெனியின் பிளாஸ்டிக் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அவர் கைக்கு வந்த பொருள் பாலிஎதிலீன். 1933இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, உலகப்போரில் ரேடார் கம்பிகளுக்கு உறையாகப் போன பொருள் அது. அதை வளையக்கூடிய, உடையாத கிண்ணமாக்கினார் டப்பர். பெயின்ட் டப்பா மூடியைத் தலைகீழாக யோசித்து, காற்றுப் புகாத மூடி ஒன்றையும் செய்தார். 1946இல் கிண்ணங்கள் கடைக்கு வந்தன. அழகாக அடுக்கி வைத்தார்கள், பத்திரிகைகள் பாராட்டின, ஆனால் விற்பனை மந்தம். அந்த மூடியை எப்படிப் போடுவது என்றே வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. மூடி சேரவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

வீட்டுக்கு வீடு பெண்களைக் கூட்டிப் பொருளைக் காட்டி விற்கும் முறையை, ஸ்டான்லி ஹோம் ப்ராடக்ட்ஸ் என்ற துடைப்பம், பிரஷ் விற்கும் கம்பெனி 1930களிலேயே நடத்திக்கொண்டிருந்தது. அதில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் பிரவுனி வைஸ். மணமுறிவுக்குப் பின் ஒரு மகனைத் தனியாக வளர்த்தவர். டெட்ராய்ட் பக்கத்தில் இருந்தபோது டப்பர்வேரை எடுத்து விற்கத் தொடங்கி, பின்னர் ஃபுளோரிடாவுக்குப் போனார். கிண்ணத்தில் திரவத்தை நிரப்பி, மூடியை அழுத்தி, அறையின் குறுக்கே தூக்கி வீசுவார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. எந்த விளம்பரத்தாலும் முடியாத வேலையை அந்த ஒரு வீச்சு முடித்துவிடும். கடைகளைவிட இவர் அதிகம் விற்பதைப் பார்த்த டப்பர், 1951இல் இவரைத் துணைத்தலைவராக்கினார். கடைகளிலிருந்து பொருளையே எடுத்துவிட்டார். இனிப் பார்ட்டியில் மட்டும்தான் விற்பனை.

1954இல் 'பிசினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் பிரவுனி வைஸ். அதே ஆண்டு ஃபுளோரிடாவில் நடந்த விற்பனையாளர் விழாவில், மண்ணுக்குள் பரிசுகளைப் புதைத்து வைத்து, பெண்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்ட விட்டார்கள். அவர் காலத்து ஆர்ப்பாட்டம் அப்படி. ஆனால் 1958இல் டப்பருக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் வெளியே அனுப்பப்பட்டார். ஓராண்டுச் சம்பளம் மட்டும் கிடைத்தது. கம்பெனியில் அவர் பெயரில் ஒரு பங்கு கிடையாது. அதே ஆண்டு டப்பர் கம்பெனியை 1.6 கோடி டாலருக்கு ரெக்சால் நிறுவனத்திடம் விற்றார். டப்பாவின் பெயரில் டப்பர் இருக்கிறார். வைஸைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு டப்பர்வேர் 1996இல் வந்தது. 'எங்கள் பாட்டி 1970களில் வாங்கிய டப்பர்வேர்' என்று யாராவது சொன்னால், வெளிநாட்டிலிருந்த உறவினர் கொண்டுவந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது வேறு டப்பா. ஜெராக்ஸ், டால்டா மாதிரி, நம் ஊரில் மூடி இறுக்கமாக இருந்தாலே டப்பர்வேர் ஆகிவிடுகிறது. டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள், பெயர் புடைப்பாக இருக்கும். கூடவே கோடு போட்டுப் பிரித்த எண் ஒன்றும் இருக்கும். அதன் முதல் பகுதியை ஆண்டு என்று நினைத்து 'இது அந்தக் காலத்துச் சரக்கு' என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அது அச்சின் எண். எந்த வடிவம், எந்த அச்சு என்று சொல்லுமே தவிர, எப்போது செய்தது என்று சொல்லாது. முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண், பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்வது. அந்த முறை 1988இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய பொருளில் அதைத் தேடிப் பயனில்லை.

சரி, சமையலறைக்கு வருவோம்.

பழைய கிண்ணங்களில் பெரும்பாலானவை பாலிஎதிலீன். அதன் மென்மையான வகை ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே தளர ஆரம்பிக்கும். கொதிக்கிற ரசம் 100 டிகிரியை ஒட்டியிருக்கும். தாளிப்பு எண்ணெய் அதைவிட எவ்வளவோ சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பை நேரே ஊற்றுவது வேண்டாம். மைக்ரோவேவில் வைப்பது அதைவிட மோசம். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும், எண்ணெயின் சூடு அங்கே நிற்காமல் மேலே ஏறும். எண்ணெய் மிதக்கும் குருமா விளிம்பில் தொடும் இடங்களில் பிளாஸ்டிக் சொரசொரப்பாகிக் குழி விழுவது அதனால்தான். அடியில் எந்த எழுத்துமே இல்லாத ஒரு டப்பாவில் வத்தக்குழம்பைச் சூடுபண்ணி, அது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். செய்ததும் நான்தான். மைக்ரோவேவுக்கு என்று எழுதி விற்றதைத் தவிர வேறெதையும் அதில் வைக்காதீர்கள்.

கண்ணாடி மாதிரித் தெளிவாக, கெட்டியாக இருக்கும் பழைய டப்பாக்கள் பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்புண்டு. உடம்புக்கு ஆகாதோ என்று சந்தேகிக்கப்படும் பிபிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2010 மார்ச்சுக்குப் பின் விற்ற பொருள்களில் பிபிஏ இல்லை என்று டப்பர்வேர் சொல்கிறது. அதற்கு முந்தைய தெளிவான டப்பாவில் சூடான எதையும் நான் வைக்க மாட்டேன். இன்னொன்று, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்குகளில் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த சாயங்களும் பயன்பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த மிகப் பழைய, கீறல் விழுந்த வண்ணக் கிண்ணம் கையிலிருந்தால், சாப்பாட்டுக்கு வேண்டாம், அலமாரியில் பார்வைக்கு வையுங்கள். குழந்தையின் தயிர்சாதத்துக்கு எடுப்பதற்கு அந்த இளகிய மனசு ஒரு காரணமாகாது.

மூடி விஷயத்துக்குச் சித்தியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. நான் நான்கு பக்கமும் இடித்து மூடுவதைப் பார்த்துவிட்டு, "அதென்ன குத்துச்சண்டையாடி?" என்று வாங்கிக்கொண்டார். முதலில் விளிம்பைச் சுற்றிலும் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்தார். நடுவில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஓரத்தைத் துளி தூக்கினார். புஸ்ஸென்று காற்று போனது. ஓரத்தை மறுபடி அழுத்தினார், அவ்வளவுதான். பார்ட்டிக்குப் பார்ட்டி இதைச் செய்து காட்டுவார்களாம். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் "இன்னொரு வாட்டி" என்பாராம்.

இந்தப் புஸ்ஸை வைத்துக்கொண்டு உள்ளே வெற்றிடம் உண்டாகிவிட்டது, எதுவும் கெடாது என்று நம்புவது அடுத்த தவறு. கொஞ்சம் காற்றுதான் வெளியே போகிறது. ஈரப்பதம் உள்ளே வராது, உள்ளது வெளியே போகாது. முறுக்கு நமுக்காமல் இருக்க, கொத்தமல்லி வாடாமல் இருக்க அது போதும். கிருமி வளர்வதை அது நிறுத்தாது. சூடாக இருக்கும்போதே மூடினால் நீராவி மூடியின் உட்புறத்தில் வியர்த்து இட்லியின் மேலேயே சொட்டும். ஆறினதும் மூடி உள்ளிழுத்துக்கொண்டு திறக்க வராது.

தோசை மாவு இதற்கு நேர் எதிர். புளிக்கும் மாவு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இறுக்கி மூடி ராத்திரி மேடையில் வைத்தால், காலையில் மூடி ஒரு பக்கம், மாவு சுவரெல்லாம். புளிக்க வைப்பதைப் பாத்திரத்தில் தட்டுப் போட்டு மூடிச் செய்யுங்கள். புளித்த மாவைக் குளிர்பெட்டிக்கு மாற்றும்போதும் டப்பாவில் கால்பங்கு இடம் விட்டு, மூடியை ஒரு ஓரம் தளர்த்தி வைப்பது நல்லது.

மஞ்சள் கறையைப் பார்த்ததும் கம்பி நாரை எடுப்பவர்கள் நம்மில் அதிகம். மஞ்சளின் நிறமி எண்ணெயில் கரைவது. பிளாஸ்டிக்கும் எண்ணெய்க்கு உறவுதான், அதனால் அது மேலே ஒட்டாமல் உள்ளேயே இறங்கிவிடுகிறது. தேய்த்தால் கீறல்தான் விழும், அடுத்த குழம்பின் மஞ்சள் அந்தக் கீறலில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி ஒன்றிரண்டு மணிநேரம் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, மங்கிவிடும். ஆனால் மொட்டைமாடியில் வாரக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் பக்கெட் கைபட்டதும் நொறுங்குவது எந்த வெயிலாலோ, அதே வெயில்தான் இதுவும். ஊறுகாய்க்கு ஜாடியே மேல்.

டப்பா தொட்டால் பிசுபிசுக்கிறதா? சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போய்விடும். இரண்டு முறை கழுவியும் போகவில்லை என்றால் பிளாஸ்டிக்கே சிதைகிறது; உணவுக்கு எடுக்காதீர்கள். போகியில் கொளுத்துவதையும் தயவுசெய்து விடுங்கள். பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

விற்பனை முறையைப் பற்றியும் ஒரு குழப்பம். வீட்டு விற்பனைப் பார்ட்டி என்றாலே ஆள்சேர்ப்பு மோசடி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். இன்னும் சிலர் 'அந்தக் காலத்து டப்பா பார்ட்டி மாதிரிதான்' என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பொருளை விற்பதால் கமிஷன் வருகிறதா, ஆளைச் சேர்ப்பதால் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது என்றால் எழுந்து வந்துவிடலாம். ஆளைச் சேர்த்தால் பணம் என்று ஆசை காட்டும் பணச்சுழற்சித் திட்டங்களை நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் அதையே சொல்கின்றன. முன்கூட்டிச் சொல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரக்கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்தது. கேசரியும் காபியும் கொடுத்து, பக்கத்து வீட்டு அக்கா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் வாங்காமல் எப்படி எழுந்து போவது? எங்கள் வீட்டில் நான்கு எலுமிச்சைப் பிழிவான்கள் இருப்பதற்கு அதுதான் விளக்கம்.

கடைசியாக விலை. 2024 செப்டம்பரில் டப்பர்வேர் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டது. உடனே பழைய டப்பாக்கள் தங்கமாகிவிட்டதாக இணையத்தில் சிலர் விலை வைக்கிறார்கள். கோடிக்கணக்கில் செய்த பொருள் அவ்வளவு சீக்கிரம் அரிதாகிவிடாது. வாழ்நாள் உத்தரவாதத்தை நம்பிப் பழுதானதை வாங்கவும் வேண்டாம். அது சாதாரண வீட்டு உபயோகத்தில் விரிசல் விட்டால் என்று சொன்னது. கறைக்கும் உருகலுக்கும் தொலைந்த மூடிக்கும் அல்ல. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மூடியோடு படம் கேளுங்கள், மூடியின் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூடி போன கிண்ணத்துக்கு இன்னொரு மூடி பொருந்துவது அபூர்வம்.

எங்கள் பெட்டியில் மூடி இல்லாதவை மூன்று. விற்கலாமா என்று கேட்டேன். சித்தி பதில் சொல்லாமல் அவற்றில் பெரியதை எடுத்துத் துடைத்து, கோலப்பொடியை நிரப்பி வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்.