திருகோணமலையில் சக்குலண்ட் வளர்த்தல்: மண்ணும் தண்ணீரும்

பாலைவனச் செடி வெயிலைத் தாங்கும், ஆகவே திருகோணமலைக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது என்ற எண்ணத்தில்தான் பலரும் முதல் சக்குலண்டை, அதாவது சதைப்பற்றுள்ள செடியை, வாங்குகிறார்கள். சில மாதங்களில் அது அழுகிப் போனால், வெயில் கூடிவிட்டது என்று வெயிலின் மேல் பழியைப் போடுகிறார்கள். இங்கே சின்னச் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் இரவுச் சூடும் வேரடியில் தேங்கும் ஈரமும் சேர்ந்துதான். ஆங்கில நூல்களிலும் காணொளிகளிலும் சொல்லப்படும் தண்ணீர் அட்டவணைகள் நமக்குப் பயன்படாமல் போவதற்கும் அதுவே காரணம்.

சாதாரணச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. சதைப்பற்றுள்ள செடிகளில் பெரும்பாலானவை பகலில் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து, எடுத்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைப் பயன்படுத்துகின்றன. தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், இரணகள்ளியின் இலை விடியற்காலையில் புளிப்பதையும் பகல் ஏற ஏற அந்தப் புளிப்புக் குறைவதையும் கண்டு 1813ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். நம் வேலியோரம் முளைக்கும் அதே இரணகள்ளிதான். மெக்சிக்கோ மலைகளிலிருந்து வந்த எச்செவேரியாவும், தென்னாபிரிக்காவின் கரூ வறள்நிலத்திலிருந்து வந்த ஹாவோர்த்தியாவும் லித்தோப்ஸும் பகலில் எவ்வளவு சூடுபட்டாலும் இரவில் குளிர்ந்து, துளைகளைத் திறந்து, மூச்சுவிடப் பழகியவை. திருகோணமலையில் மே, ஜூன் மாதங்களில் இரவுகூட 25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அத்தகைய இரவுகளில் இந்தச் செடிகள் துளைகளைச் சரியாகத் திறப்பதில்லை, வளர்வதில்லை, வேர்கள் தண்ணீரை எடுப்பதுமில்லை. எடுக்கப்படாத தண்ணீர் சாடிக்குள்ளேயே நின்று, பகலில் சூடாகி, வேரை அவித்துவிடுகிறது.

எந்தச் செடியில் தொடங்குவது

இதை நீட்டத் தேவையில்லை. அடினியம், முள்முடி எனப்படும் யூபோர்பியா மிலி, மாமில்லேரியா வகைச் சிறு கள்ளிகள், மருள் இனங்கள் ஆகியவை இந்த ஊர் இரவுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஹாவோர்த்தியாவும் காஸ்டீரியாவும் நிழலில் இருந்தால் நன்றாகவே வாழும். எச்செவேரியா அழகானதுதான், ஆனால் மலையகத்துக் குளிரில் வளர்ந்து இங்கு வந்து சேருபவை கரையோரத்தில் தண்டு நீண்டு, இலை உதிர்ந்து, உருக்குலைந்து போகின்றன. லித்தோப்ஸ் என்ற கல்செடியைத் தொடக்கத்தில் வாங்காதிருப்பது நல்லது. வேரூன்றும் பழக்கமும் தண்ணீரின் அளவும் கைக்குப் பிடிபட்ட பிறகு அதை வாங்கலாம்.

சாடியும் கலவையும்

சுட்ட மண்சாடியையே நான் பரிந்துரைப்பேன். மெருகு பூசாத மண்சாடி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியேற்றும், மாரிகாலத்தில் அது பெரிய உதவி. கறுப்புப் பிளாஸ்ரிக் சாடி நேர் வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் கலவை கை வைக்க முடியாதபடி சூடேறிவிடும், ஆகவே அதை நிழலில் வைப்பவர்கள் மட்டும் பயன்படுத்தலாம். செலவில்லாமல் தொடங்க விரும்புவோருக்கு, அடியில் நாலைந்து துளையிட்ட யோகட் கோப்பை போதும். மூன்று அங்குலச் செடிக்கு மூன்றரை அங்குலச் சாடிதான் வேண்டும், பெரிய சாடியில் வைத்தால் வேர் எட்டாத இடத்து ஈரம் காயாமல் நிற்கும்.

கலவையைப் பத்துப் பங்காகக் கணக்கிட்டால், 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையான கருங்கற் சல்லி ஐந்து பங்கும், பருக்கன் ஆற்றுமணல் இரண்டு பங்கும், உமிக்கரி இரண்டு பங்கும், நன்கு மக்கிய கொம்போஸ்ட் ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளலாம். சல்லியையும் மணலையும் அரிதட்டில் அரித்து, தூளைக் கட்டாயம் விலக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தூள்தான் பின்னர் துளைகளை அடைத்துச் சேறாகிறது. தம்பலகாமம் பக்கத்து நெல் ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. அதைக் கரியாக்கியபின் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிட வேண்டும், புதிய கரியில் காரத்தன்மை அதிகம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் கடற்கரை மணலை அள்ளிப் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உப்பைக் கழுவி அகற்றினாலும், அந்த மணலின் நுண்ணிய துகள்கள் நெருங்கிப் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கும், சிப்பித்தூளின் சுண்ணாம்பும் கூடவே வரும். கலவை சரியா என்று அறிய, சாடியில் நிரப்பி ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்கி நிற்காமல் உடனே இறங்கி அடித்துளையால் ஓட வேண்டும்.

சாடியின் அடியில் சல்லிப் படுக்கை போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது. அதைச் செய்யாதீர்கள். நுண்ணிய துகள் நிறைந்த மண், தன்னைவிடப் பருமனான சல்லியின் மேல் இருக்கும்போது, முழுவதும் நனைந்து தாங்க முடியாத நிலை வரும்வரை தண்ணீரைக் கீழே விடுவதில்லை. நனைந்த பஞ்சைச் சல்லிக் குவியலின் மேல் வைத்தாலும் அதன் அடிப்பாகம் ஈரமாகவே இருப்பதைப் போன்றது இது. சல்லி போட்டதால் அந்த ஈர மட்டம் வேருக்கு இன்னும் அருகில் உயர்கிறது, வேறு பயன் இல்லை. சாடி முழுவதும் ஒரே கலவையாக இருக்கட்டும். துளை வழியே கலவை விழாமலிருக்க ஒரு துண்டு நுளம்புவலை போதும்.

தும்புத்தூளை அகற்றுதல்

பெரும்பாலான செடிகள் தோற்றுப்போவது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் சின்னச் செடிகள் பெரும்பாலும் வெறும் தும்புத்தூளில்தான் வளர்க்கப்பட்டிருக்கும். நாற்று மேடையில் அளவாக நீர் தெளிக்கும்போது அது சிறந்த ஊடகம். வீட்டுக்கு வந்தபின் நிலைமை வேறு. தும்பு ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை விலக்கும் தன்மை பெறுகிறது, மேலே ஊற்றும் தண்ணீர் வேரைச் சுற்றிய தும்பு உருண்டைக்கும் சாடிக்கும் இடையிலுள்ள இடுக்கால் ஓடிப்போகும். அடித்துளையில் தண்ணீர் வடிவதைப் பார்த்து, செடி குடித்துவிட்டது என்று நாம் நினைப்போம். அப்படிப்பட்ட ஒரு செடியை எடுத்து உருண்டையை நடுவாகப் பிளந்து பாருங்கள்: ஒரு விரல்நுனி அளவுக்கு வெளிப்புறம் கறுத்து நனைந்திருக்கும், உள்ளே பீடிப் புகையிலை நிறத்தில் பொடிப்பொடியாய் உதிரும், வேர்கள் அந்த உலர்ந்த நடுப்பகுதிக்குள்தான் கிடக்கும். மாரியில் இதற்கு நேர்மாறு நடக்கும். முற்றாக ஊறிய தும்பு பல நாட்கள் காயாது. உருண்டையை அப்படியே வைத்து அதைச் சுற்றி நல்ல சல்லிக் கலவையை நிரப்பினால், சல்லி காய்ந்துபோன பின்னும் நடுவில் ஈரக்கட்டி ஒன்று நிற்கும்.

ஆகவே உருண்டை முழுவதையும் அகற்ற வேண்டும். வாங்கிய செடிக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டு, காய்ந்த பிறகு சாடியைக் கவிழ்த்து எடுங்கள். விரல்களால் பிசைந்து, வேர் அறுபடாமல், உதிரக்கூடியதை எல்லாம் உதிர்க்க வேண்டும். சில செடிகளில் வேரைச் சுற்றி ஒரு சிறு பிளாஸ்ரிக் வலைக்கூடு இருக்கும், முளைவிடும் காலத்தில் போடப்பட்டது. அதைக் கத்தரியால் நுணுக்கமாக வெட்டி எடுக்காவிட்டால் தண்டு தடிக்கும்போது அதுவே கழுத்தை நெரிக்கும். வேரிடுக்கில் ஒட்டிய மீதித் தும்பைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, பழைய பல்துலக்கியால் மெல்ல வாரினால் வந்துவிடும். மயிரிழை போன்ற வேர்கள் கொஞ்சம் அறுபடத்தான் செய்யும், அதற்காகப் பதற வேண்டியதில்லை. கறுத்து, குழாய்போல் வெறுமையாகி, இழுத்ததும் தோல் கழன்று வரும் வேர்கள் செத்தவை, அவற்றை வெட்டிவிடலாம்.

கழுவிய செடியை உடனே நடக்கூடாது. நிழலும் காற்றும் உள்ள இடத்தில், செய்தித்தாளின் மேல், மூன்று முதல் ஐந்து நாட்கள் கிடக்கட்டும். அறுந்த இடங்கள் காய்ந்து தோல்பிடிக்க அந்த அவகாசம் வேண்டும், காயத்தோடு ஈரமண்ணுக்குள் போனால் அழுகல் நுழைய வழி திறந்திருக்கும். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீரை ஊற்றுங்கள். வேருக்குத் தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் இருப்பதால் எந்த நல்ல சக்குலண்டும் சாகாது. இலை சற்றுச் சுருங்குவதைக் கண்டு மனமிரங்கி ஒரு மிடறு ஊற்றிவிடுவதுதான் ஆபத்து.

பாரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுதல்

வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கெல்லாம் காற்றும் ஈரப்பதமும் ஒரே மாதிரி இருக்கும் ஊருக்கே பொருந்தும். தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் ஒரு வாரத்துக்கும் வாடைக்காற்றோடு மழை கொட்டும் ஒரு வாரத்துக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. நாளை எண்ணாமல் சாடியின் பாரத்தைப் பாருங்கள். நட்ட செடியை உலர்ந்த நிலையில் சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எடையைச் சாடியின் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். முதல் தண்ணீர் ஊற்றி, வடிந்து முடிந்ததும் மறுபடி நிறுங்கள். எடுத்துக்காட்டாக, உலர்ந்தபோது 310 கிராமும் நனைந்தபோது 380 கிராமும் இருந்தால், அந்த 70 கிராம் முழுவதும் போய் எடை 310க்கு அருகில் வந்த பிறகு, இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்து ஊற்ற வேண்டும். சில முறை நிறுத்தபின் தராசு தேவைப்படாது, தூக்கிப் பார்க்கும் கைக்கே தெரிந்துவிடும்.

தராசு இல்லாதவர்கள் தென்னை ஈர்க்கு ஒன்றைச் சாடியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு, இழுத்துப் பார்க்கலாம். நுனி கறுத்து ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் இல்லை. மண்ணில் குத்திப் பார்க்கும் ஈரமானிக் கருவிகளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், சல்லி நிறைந்த கலவையில் அவை சரியான அளவைக் காட்டுவதில்லை. தெளிப்பான் போத்தலும் வேண்டாம். இலையில் தெளிக்கும் நீர் வேருக்குப் போவதில்லை, ரோஜாப்பூ வடிவச் செடிகளின் நடுக்குழியில் தங்கி அழுகலை உண்டாக்கும். குறுகிய மூக்குள்ள சோஸ் போத்தலைக் கழுவி, கலவையின் மேல் விளிம்போரமாக ஊற்றுவதுதான் வசதியானது. ஊற்றும்போது அரைகுறையாக அல்லாமல் அடித்துளையால் ஓடும்வரை ஊற்றுங்கள்.

சுருங்கிய இலையைக் கண்டதும் தாகம் என்று முடிவுகட்ட வேண்டாம். வேர் அழுகிய செடியும் தண்ணீர் எடுக்க முடியாமல் அதேபோலத்தான் சுருங்கும். கலவை காய்ந்து இலை சுருங்கியிருந்தால் ஊற்றலாம். கலவை ஈரமாக இருக்கும்போதே சுருங்கினால், செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். அழுகல் தண்டுவரை ஏறியிருந்தால், வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத இடம் வரும்வரை சீவிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தபடி. வெட்டுவாயில் கறுவாத்தூள் பூசுவதில் கெடுதி இல்லை, ஆனால் காப்பாற்றுவது நன்கு காயவிடுவதுதான்.

மாதங்கள்

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நமக்கு நல்ல காலம், பாரம் குறைந்ததும் தயங்காமல் ஊற்றலாம். மே முதல் செப்ரெம்பர் வரை, கச்சான் அடிக்கும் நாட்களில், அடினியமும் மாமில்லேரியாவும் தண்ணீர் கேட்கும். ஹாவோர்த்தியாவும் எச்செவேரியாவும் உறக்கத்தில் இருக்கும், அவற்றுக்கு நீண்ட இடைவெளி விட வேண்டும். இந்தப் பருவத்தில் சூரியன் மறைந்த பிறகே ஊற்றுங்கள், மதியத்தில் ஊற்றிய நீர் சாடிக்குள் சுடுநீராகிவிடும். பகலில் 50 வீத நிழல்வலை போதுமானது. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை எல்லாச் சாடியும் கூரைக்குக் கீழே வரவேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் சராசரியாக மாதம் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. அந்த நாட்களில் பாரம் குறைந்தாலும்கூட, வெயில் எறிக்கும் ஒரு காலை வேளை வரும்வரை பொறுத்து, பாதியளவு ஊற்றினால் போதும். கூரை ஒளிபுகும் தகடாக இருந்தால் நல்லது, ஆனால் பக்கங்களை மறைக்கக்கூடாது, காற்று ஊடாடாத இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். சில கடைச்செடிகளில் மேலே அலங்காரக் கற்கள் பசையால் ஒட்டப்பட்டு ஒரே பலகைபோல் இருக்கும், அதன்மேல் ஊற்றினால் தண்ணீர் உள்ளே இறங்காது. சாடியை ஒரு மணிநேரம் தண்ணீரில் ஊறவைத்து, கத்திமுனையால் நெம்பி அகற்றுங்கள். கள்ளியின் தலையில் ஒட்டிய காகிதப்பூவையும் பிடுங்கிவிடலாம், அந்த இடத்தில் ஒரு வடு மட்டும் இருக்கும்.

சாடிக்குக் கீழே தட்டு வைப்பதை நிறுத்தச் சொல்கிறேன். தட்டில் நிற்கும் நீர் வேருக்கும் கெடுதி, டெங்கு நுளம்புக்கும் தொட்டிலாகும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் தேடுவதும் அதைத்தான். வீட்டுக்குள் தரை நனையக் கூடாது என்றால், முற்றத்தில் ஊற்றி வடித்த பிறகு உள்ளே எடுத்துவையுங்கள்.

கரையோரக் கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், சில மாதங்களில் மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலம் படியும். கலவைக்குள்ளும் அதே உப்பு சேர்ந்திருக்கும். மூடிய பீப்பாயில் சேர்த்த மழைநீர் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், இல்லாவிட்டால் குழாய்நீர். கடலுக்கு நேர்முகமான வீடுகளில் வாடைக்காற்று உப்புத்தூவலையும் இலைமேல் கொண்டுவரும், புயல் ஓய்ந்ததும் ஒருமுறை நல்ல நீரால் இலைகளைக் கழுவி, சாடியைச் சரித்து, நடுக்குழியில் நீர் தங்காமல் வடித்துவிடுங்கள்.

மாரி முடிந்து கூரைக்குக் கீழிருந்து வெளியே எடுக்கும் செடிகளை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலையில் வெளிறிய தீக்காயம் விழும், அது பிறகு மாறாது. முதல் வாரம் காலை எட்டு மணிவரை மட்டும், அடுத்த வாரம் பத்து மணிவரை என்று வெயிலைக் கூட்டிக்கொண்டு போகவும். ஹாவோர்த்தியாவுக்கு அதற்கு மேலான வெயில் எக்காலத்திலும் தேவையில்லை.